கழுத்து மயிரும் ‘நிரந்தரம்’ என்னும் சொல்லும்

விலை கொடுத்து வாங்கும் பொருளை அளந்து வாங்குகின்ற நாம், அப்பொருளோடு உடன் தரப்படும் சொல்லை அளந்து பார்ப்பதில்லை. துணிக்கடையில் ஒரு முழம் குறைந்தால் வழக்காடுகின்றோம். சொல்லிற் பொருள் குறைந்தால் வாய் திறவாது வீடு திரும்புகின்றோம். அங்ஙனம் அளவாமல் வாங்கப்படும் சொற்களுள் ‘நிரந்தரம்’ என்பதும் ஒன்று. ‘வேண்டாத மயிரை நிரந்தரமாக நீக்குகின்றோம்’ என்னும் விளம்பரத்தை இந்நாளிற் கைப்பேசித் திரையிலும் பேருந்தின் முதுகிலும் காணாதார் சிலரே. வடசொல்லாகிய அதனைப் பிரித்து நோக்கின், ‘அந்தரம்’ என்பது இடைவெளி. இடைவெளி இல்லாமையே நிரந்தரம். இடையறவின்றி நிற்பதற்கே அப்பெயர் உரியது. அப்பெயர் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைக் கழுத்திலும் தொண்டையிலும் வளரும் மயிரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் பேச வேண்டிய கல்லூரி மலரில் இஃதென்ன பொருள் என்று வினவுவார் உளராயின், அவர்க்கு என் விடை இது: இஃது என் கழுத்தைப் பற்றியது. பதினைந்தாம் வயதில் என் மோவாயின் கீழும் தொண்டையின் இருமருங்கும் கருமயிர் தோன்றலாயிற்று. விடுதியில் வைகறை மணி அடிக்குமுன் எழுந்து, குளியலறையின் மங்கிய விளக்கில், சிறு சாமணத்தால் அதனைப் பிடுங்கி எறிவதே என் முதற்கடமையாய் இருந்தது. வேனிற்காலத்திலும் துப்பட்டாவைக் கழுத்திற் சுற்றிக்கொண்டே வகுப்பில் அமர்வேன். ஒருநாள் திருக்குறளில் மானம் என்னும் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. மயிர் நீங்கின் உயிர் வாழாத கவரிமாவைப் பற்றி ஆசிரியர் உரைத்தபொழுது, பின்வரிசையினின்று ஒரு குரல், ‘அது நம் வகுப்பிலேயே இருக்கின்றது’ என்றது. வகுப்பு நகைத்தது. யானும் நகைப்பதுபோற் குனிந்துகொண்டேன். அவ்விலங்கு மயிரை இழந்தமையால் மானம் இழப்பது. யானோ மயிரைப் பெற்றமையால் அதனை இழந்தேன் என்று அன்றிரவு எண்ணினேன். அவ்வெண்ணம் தவறு என்பதைப் பின்னர் அறிந்தேன். பிறர் நகைப்பினால் நம் மானம் போவதில்லை. நகைத்தவர் மானமே போகும்.

நிற்க. இம்மயிர் யாது காரணத்தால் வளர்கின்றது? ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர்கள் உள்ளன. பெண்ணுடலில் அவை மிகுந்தாலும், அளவு மிகாமலே மயிர்க்கால்கள் அவற்றுக்கு எளிதில் இணங்கினாலும், மெல்லிய பூமயிர் தடித்துக் கருமயிராக மாறும். சினைப்பையிற் காணும் கோளாறு இதற்குப் பெரும்பான்மையான காரணமாகும். குடிவழியாக வருதலும் உண்டு. மயிர் மிகுதியை அளத்தற்கு ஃபெரிமன், கால்வே என்னும் இருவர் 1961ஆம் ஆண்டில் ஓர் அளவை வகுத்தனர். அதனைத் திருத்தி இந்நாள் மருத்துவர் பெரிதும் வழங்கும் அளவையில் மேலுதடு, மோவாய், மார்பு முதலாக ஒன்பது இடங்கள் எண்ணப்படுகின்றன. கழுத்து அவற்றுள் இல்லை. எவர் கண்ணுக்கும் முதலிற் படுகின்ற இடம் ஏட்டுக்கணக்கில் விடுபட்டது! ஆதலின், கழுத்தில் மயிர் கண்ட பெண், அழகு நிலையத்திற்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்லுதலே முறை. மயிர் ஈண்டு ஓர் அறிகுறி மட்டுமேயாகவும் இருக்கலாம். அதனை மட்டும் களைந்து நோயை உள்ளே வைத்திருத்தல், புகையை விசிறி நெருப்பை விட்டுவிடுதலை ஒக்கும்.

மழித்தல், நூலால் எடுத்தல், மெழுகிட்டு இழுத்தல், பிடுங்குதல் என்பன யாவரும் அறிந்த வழிகள். இவை தண்டை வெட்டுவன, அன்றி வேரோடு ஒருமுறை பறிப்பன. ஆயின், மயிரை முளைப்பிக்கும் ஆற்றல் மயிரில் இல்லை; மயிர்க்காலில் உள்ளது. அது பிழைத்திருக்குமளவும் மயிர் மீண்டும் வரும். பிடுங்கிய மயிர் சிலபோது தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகிக் கருமையை விட்டுச்செல்லும். முகம் மழிக்கும் ஆடவரிற் பலரும் கழுத்தில் இத்துன்பத்தை அறிவர்.

பள்ளியிறுதித் தேர்வு முடிந்த விடுமுறையில், என் தாயார் தம் சீட்டுப்பணத்தைக் கொண்டு என்னை ஒரு லேசர் நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். அதன் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. வாயிலில் ‘நிரந்தர நீக்கம்’ என்று முழ எழுத்தில் எழுதியிருந்தது. ஆறுமுறை சென்றோம். முதலிற் குறைவதுபோற் காட்டிய மயிர், சில திங்களுக்குப்பின் முன்னில்லாத இடங்களிலும் தடித்து வளர்ந்தது. சென்று வினவியபொழுது, யாம் கையொப்பமிட்ட தாளை எடுத்துக் காட்டினர். அதன் அடியில், கடுகினும் சிறிய எழுத்தில், ‘குறைப்பு’ என்று அச்சிட்டிருந்தது. வாயிலில் நீக்கம், தாளிற் குறைப்பு! என் தாயார் அத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

பின்னர் ஒரு தோல் மருத்துவர் காரணத்தை விளக்கினார். லேசர் ஒளி மயிரிலுள்ள கருநிறப் பொருளாற் பற்றப்பட்டு வெப்பமாகி மயிர்க்காலைத் தாக்குகின்றது. தோலும் கரியதாயின் தோலும் அவ்வொளியைப் பற்றும். ஆதலின் நம்மனோர் தோலுக்கு 1064 நானோமீட்டர் நீளமுள்ள அலையே ஏற்றது என்பர். நரைமயிரையும் வெளிர்மயிரையும் லேசர் காணவே காணாது. இவையன்றி, ஒளிபட்ட இடத்திலோ அதன் அருகிலோ மயிர் குறையாமல் மிகுதலும் உண்டு. கருந்தோலினரிடத்தும், சுரப்புக் கோளாறுடைய பெண்களிடத்தும், சிறப்பாக முகத்திலும் கழுத்திலும் இது நிகழ்தலை மருத்துவ நூலார் பதிவு செய்துள்ளனர். லேசர் தீயதென்று யான் கூறவில்லை. அதனாற் பயனடைந்தார் பலர். ஆயின் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு இசைந்த பெயர் ‘நிரந்தரக் குறைப்பு’ என்பதே. ‘நிரந்தர நீக்கம்’ அன்று. கடைக்காரர் விட்டுவிட்டது ஒரு சொல்; அச்சொல்லின் விலை என் தாயாரின் சீட்டுப்பணம்.

‘நிரந்தரம்’ என்னும் சொல்லாற் பெண்கள் இழந்தது பணம் மட்டும் அன்று. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில், எக்ஸ் கதிரால் முகமயிரை நோவின்றி நீக்குவதாகக் கூறி ‘டிரைக்கோ’ என்னும் பொறியை நிறுவினர். மயிர் உதிர்ந்தது உண்மை. ஆண்டுகள் கழிந்தபின் அப்பெண்களின் மோவாயிலும் கழுத்திலும் தோல் சுருங்கிப் புண்ணாயிற்று, சிலர்க்குப் புற்றாயிற்று. 1930களின் தொடக்கத்தில் ‘கோரெம்லு’ என்னும் களிம்பு விற்கப்பட்டது. அதிற் கலந்திருந்தது தாலியம் என்னும் கொடுநஞ்சு. பூசியவர் சிலர் கால் செயலற்றுக் கிடந்தனர். தம் கழுத்தைப் பிறர் நோக்குவரே என்று அஞ்சியவர்கள் அவர்கள். அவ்வச்சத்தையே முதலாக வைத்து வாணிகம் நடந்தது.

அங்ஙனமாயின், நிரந்தரம் என்னும் சொல்லுக்கு உரியது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அதுவே எலக்ட்ரோலிசிஸ் எனப்படும் மின்பகுப்பு முறை. அமெரிக்காவிற் செயின்ட் லூயி நகரத்துக் கண் மருத்துவராகிய சார்லஸ் மிஷெல் என்பார், இமைமயிர் உட்புறம் வளைந்து கண்ணை உறுத்தும் நோயாளிகளுக்கு இதனைச் செய்து, 1875ஆம் ஆண்டில் வெளியிட்டார். அழகின்பொருட்டு அன்று, பார்வையைக் காத்தற்பொருட்டே இம்முறை தோன்றியது என்பது கருதத்தக்கது.

இதன் செயல்முறை எளிது. மயிரளவே நுண்ணிய ஊசி ஒன்றை, மயிர் வெளிவரும் துளையின் வழியே மயிர்க்காலின் அடிவரை செலுத்துவர். பின்னர்ச் சிறிதளவு மின்சாரம் விடுவர். நேர்மின்னோட்டமாயின், அங்குள்ள உப்பும் நீரும் பகுபட்டு எரிகாரம் உண்டாகி, மயிர்க்காலை அழிக்கும். உயர் அதிர்வெண் மின்னோட்டமாயின், அங்குள்ள ஈரம் வெப்பமுற்று அதனை அழிக்கும். இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு. அதன்பின் மயிரைப் பற்றி எடுத்தால், வெண்ணெயினின்று நூலை எடுப்பதுபோல் இழுப்பின்றி வரும். மயிரின் நிறமும் தோலின் நிறமும் இதற்கு ஒரு பொருட்டல்ல. அழிந்த மயிர்க்கால் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் ‘நிரந்தர நீக்கம்’ என்னும் பெயர் இதற்கே இசைந்தது.

ஆயின் உண்மையை உரைக்கப் புகுந்த யான் பாதியில் நிறுத்துதல் கூடாது. இம்முறை ஒவ்வொரு மயிராகச் செல்வது. வளர்தல், தேய்தல், ஓய்தல் என்னும் மூன்று பருவங்கள் மயிருக்கு உண்டு. வளரும் பருவத்து மயிரிடத்தே ஊசி நன்கு பயன்படும். எல்லா மயிரும் ஒருங்கே அப்பருவத்தில் இருப்பதில்லை. எனவே ஓராண்டும் அதற்கு மேலும் இடைவிட்டு இடைவிட்டுச் செல்லுதல் வேண்டும். தொண்டைத்தோல் மெல்லியது, நோவு உண்டு. கை தேராதார் செய்யின் தழும்பும் கருமையும் உண்டாகும். தடித்த தழும்பு எழும் உடலினர் முன்னரே மருத்துவரை வினவுதல் வேண்டும். ஊசி ஒருவர்க்குப் பயன்பட்டதாய் இருத்தல் கூடாது. சுரப்புக் கோளாறு தீராதாயின், அழிந்த மயிர்க்கால் அழிந்ததே எனினும், அதன் பக்கத்திலுள்ள பூமயிர் நாளைக் கருமயிராகலாம்.

யான் இப்பொழுது அயலூரில் இத்தொழிலைச் செய்யும் ஓர் அம்மையாரிடம் செல்கின்றேன். முதல்நாளே அவர் கூறியது: ‘அம்மா, ஒரு மயிர்க்கால் செத்தால் அது செத்ததுதான். ஆனால், உன் கழுத்தில் இன்னும் எத்தனை காத்திருக்கின்றன என்று என்னாற் சொல்ல இயலாது.’ வாயிலில் முழ எழுத்தில் எழுதியதைக் காட்டிலும் அச்சொல் எனக்கு ஆறுதலாயிற்று. எனக்கு விற்கப்படாத முதற்சொல் அதுவே. பதினொரு திங்கள் ஆயின. இன்னும் முடியவில்லை. ஆயினும், இடப்புறத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில், கடந்த ஐந்து திங்களாக ஒன்றும் முளைக்கவில்லை. அவ்விடத்திற்கு மட்டும் ‘நிரந்தரம்’ என்னும் சொல்லை யான் வழங்கத் துணிகின்றேன்.

இனி, இதனை மறுப்பார் கூற்றையும் நோக்குவோம். இறைவன் தந்ததை நீக்கலாமோ என்பர் சிலர். நாள்தோறும் காலையில் முகம் மழிக்கும் ஆடவரை நோக்கி அவர்கள் அவ்வினாவை எழுப்பக் கண்டிலேன். மழித்தலும் நீட்டலும் வேண்டாவென்று வள்ளுவரே விலக்கினாரன்றோ என்பர் வேறு சிலர். அக்குறள் நிற்கும் அதிகாரம் கூடாவொழுக்கம். அவர் விலக்கியது துறவியின் பொய்வேடத்தையே அன்றிப் பெண்ணொருத்தியின் சாமணத்தை அன்று. இஃது அழகுச் செருக்கு என்பர் மற்றும் சிலர். சாமணமும் துப்பட்டாவும் இன்றி ஒரு காலைப்பொழுதையாவது கழிக்க விரும்புதல் செருக்காயின், அச்செருக்கு எனக்கு உண்டு.

இதற்கு மாறாக, ஒவ்வொரு பெண்ணும் மயிரை நீக்கியே தீரவேண்டும் என்பதும் என் கருத்தன்று. அதனை அப்படியே விட்டுத் தலைநிமிர்ந்து நடப்பவள் என்னினும் துணிவுடையவள். நீக்குதலும் நீக்காமையும் அவரவர் உரிமை. தம் முகத்தைத் தம் மனத்திற்கு இசைந்ததாக்க விழையும் திருநங்கையர்க்கும் அவ்வுரிமை ஒக்கும். அவர்களுட் பலர் இம்முறையையே நாடுகின்றனர்.

ஆதலின் என் வேண்டுகோள் இரண்டு. விளம்பரம் செய்வோர், குறைப்பதைக் குறைப்பு என்றும் நீக்குவதை நீக்கம் என்றும் வாயிலிலும் தாளிலும் ஒரே அளவு எழுத்தில் எழுதுவாராக. என் உடன் பயில்வோர், அடுத்த ஆண்டு மானம் என்னும் அதிகாரம் நடக்கும்பொழுது, முன்வரிசையில் அமர்ந்திருப்பவள் கழுத்தை நோக்காது நூலை நோக்குவாராக. மயிர்க்காலை அழிக்க ஊசி உண்டு. பிறரை நகைக்கும் வழக்கத்தை அழிக்க ஊசி இல்லை. அதனை நகைப்பவர் தாமே களைதல் வேண்டும். அங்ஙனம் களையின், அதுவும் நிரந்தரமாக இருப்பதாக.