கம்பெனி ஃபிட்டிங்கா, ஷோரூம் ஃபிட்டிங்கா?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுச்சேலை எடுப்பவர்கள் முதலில் கரையைப் புரட்டிப் பார்ப்பார்கள். கோர்வைக் கரை என்றால், மூன்று நாடா போட்டு, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒன்றோடொன்று கோத்துத் தறியிலேயே நெய்தது. அதைப் பிரிக்க நினைத்தால் சேலை கிழியும். ஃபால்ஸும் முந்தானைக் குஞ்சமும் சேலை கைக்கு வந்தபின் தைப்பவை, முடிபவை. இந்த வித்தியாசத்தை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே குடும்பம் முதல் கார் வாங்க ஷோரூமில் போய் உட்காரும்போது, தறியில் வந்தது எது, பிறகு தைத்தது எது என்று கேட்பதில்லை. இத்தனைக்கும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும் ஒரகடத்தில் ரெனோ ஆலையும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

நம் நாட்டில் சிறிய காருக்கு ஒவ்வொரு வசதியாகப் பொறுக்கி ஆர்டர் கொடுக்க வழி கிடையாது. பேஸ், மிட், டாப் எண்ட் என்று வேரியன்ட்களாகத்தான் வரும். ஒயரிங் முழுவதையும் ஒரே கட்டாகப் பின்னி வண்டிக்குள் இறக்குவதால், வகைகள் கூடக்கூட ஆலைக்குச் செலவும் குழப்பமும் கூடும். ஆகவே பின்பக்கக் கேமரா ஒன்று மட்டும் போதும் என்பவர்கூட, அதோடு வரும் நாலைந்து வசதிகளுக்கும் சேர்த்து, உதாரணத்துக்கு 60,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் விற்பனையாளர் சொல்வார்: “பேஸ் மாடலே எடுத்துக்குங்க சார். ஸ்கிரீன், கேமரா எல்லாம் 30,000-ல நாங்களே போட்டுத் தர்றோம்.”

இது தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 விழுக்காடு. வேரியன்ட் விலை 60,000 ஏறினால் வரியும் 7,800 ஏறும். தனி பில்லில் வாங்கும் ஆக்சஸரிக்கு அந்த வரி இல்லை. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 விழுக்காடாகிவிடும் என்பதால், அந்த எல்லையருகே நிற்பவர் இரண்டு முறை கணக்குப் போடுவது நல்லது.

ஆனால் எல்லாவற்றையும் பிறகு போட்டுக்கொள்ள முடியாது. ஏர்பேக், ஏ.பி.எஸ்., வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி ஆகியவை உடம்போடு பிறக்க வேண்டியவை. ஓட்டுநர் ஏர்பேக்கும் பின்பக்க பார்க்கிங் சென்சாரும் 2019 ஜூலை முதல் சட்டப்படி கட்டாயம் என்பதால் பேஸ் மாடலிலும் இருக்கும். சட்டம் கேட்காத பாதுகாப்பு வசதி மேல் வேரியன்டில் மட்டும் இருந்தால், என் கருத்தில், பணம் அங்கே போவதே சரி. டச் ஸ்கிரீனுக்காகக் காத்திருக்கலாம்.

மின்சாமான்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி ஒயரில் உள்ள கப்ளரில் அப்படியே செருகுவது வேறு, ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது வேறு. வெட்டிய இடத்தில் நாளை கோளாறு வந்தால் வாரண்டி மறுக்கப்படலாம். இன்ஷூரன்ஸிலும் இதே பிரிவு உண்டு. வண்டியின் காப்பீட்டு மதிப்பு கம்பெனி விலையை வைத்துப் போடப்படுவது. பிறகு மாட்டிய ஸ்கிரீனும் ஆம்ப்ளிஃபையரும் அதில் சேரா. தனியாக எழுதிக் கொடுத்து, வழக்கமாக அவற்றின் மதிப்பில் 4 விழுக்காடு பிரீமியம் கட்டினால்தான் சேரும். 30,000 ரூபாய்ச் சாமானுக்கு ஆண்டுக்கு 1,200.

சி.என்.ஜி.யில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹூண்டாய் தன் சி.என்.ஜி. கார்களை ஆலையிலேயே சிலிண்டரோடு அனுப்புகிறது. ரெனோ 2025 பிப்ரவரியில் வேறு வழி எடுத்தது. ஒரகடத்தில் பெட்ரோல் காராகவே வெளிவரும் க்விட், ட்ரைபர், கைகர் வண்டிகளுக்கு டீலரிடம் கிட் பொருத்தித் தருவதாக அறிவித்தது. அப்போதைய விலை க்விட்டுக்கு 75,000 ரூபாய், மற்ற இரண்டுக்கும் 79,500; வாரண்டி 3 ஆண்டு. அரசு ஒப்புதல் உள்ள கிட், கம்பெனியே அறிவித்த திட்டம். பொருத்திய இடம் டீலர்தான் என்றாலும், தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் போடுவதோடு இதைச் சேர்க்கக் கூடாது. அப்படியும் ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதிய வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். எந்தச் சாமானாக இருந்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: பழுதானால் யார் பெயர் போட்ட காகிதத்தோடு, யாரிடம் போவது?

அந்தக் காகிதம் கைக்கு வர, அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆன் ரோடு விலையைப் பிரித்து எழுதி வாங்குங்கள். எக்ஸ் ஷோரூம் விலை, வரி, இன்ஷூரன்ஸ், ஆக்சஸரி ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கட்டும். ஆக்சஸரி எடுத்தால்தான் டெலிவரி என்று கட்டாயப்படுத்துவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் கட்டுப்படுத்தும் வணிக முறைக்குள் வரும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடுப்பதை முடிந்தால் கையிருப்பிலிருந்து எடுங்கள். கடனில் சேர்த்துவிட்டால், கால்மிதிக்கும் 5 வருடம் வட்டி கட்ட நேரும்.

கால்மிதி, மட் ஃபிளாப், கதவோரப் பட்டை போன்றவற்றை எங்கே வேண்டுமானாலும் போடலாம். சீட் கவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லாக் கார்களுக்கும் 6 ஏர்பேக் என்று அறிவித்தது. அவற்றில் பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் ஓரத்துக்குள் மடங்கி இருக்கும். அந்த இடத்தை இறுகத் தைத்த கவர் மூடினால், மோதும் கணத்தில் அது விரியத் தடையாகும். டெலிவரி எடுத்து, கோயில் வாசலில் பூஜை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்குமுன் முன்கதவைத் திறந்து சீட்டின் வெளி ஓரத்தைப் பாருங்கள். ‘ஏர்பேக்’ என்ற சிறு துணிச்சீட்டு தைத்திருக்கும். கவர் போட்ட பிறகும் அந்த இடம் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் ஏர்பேக் விரிந்தால் பிரியும்படி தைத்த கவர் என்பதை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.