காப்புப் பத்திரமும் காப்பில்லாக் குடும்பமும்

ஊத்துக்குளி என்றவுடனே வெண்ணெயும் நெய்யும் நினைவிற்கு வருதல் கொங்கு நாட்டார்க்கு இயல்பு. ஆயின், இந்நாளில் அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த குடும்பங்களிற் பல, கறவை மாடுகளை மட்டுமன்றித் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளையும் நம்பி வாழ்கின்றன. காலை வேளையில் திருப்பூர் செல்லும் சாலையிற் சிறிது நேரம் நின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். கணவன் ஓட்ட, மனைவி பின்னே அமர, இருவர்க்கும் இடையே பள்ளிப் பிள்ளையொன்று ஒடுங்கியிருக்க, ஒரு குடும்பம் முழுவதும் ஒரே மோட்டார் சைக்கிளிற் செல்லுங் காட்சி அங்கு நாடோறும் காணத்தக்கது. வடக்கே செங்கப்பள்ளியிலோ, சேலத்தினின்று கொச்சி செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை லாரிகளால் இரவும் பகலும் அதிர்கின்றது. அந்நெடுஞ்சாலையில், 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் அவிநாசிக்கருகே கேரள அரசுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் மாண்ட கொடுமையை இப்பக்கத்தார் எளிதில் மறவார்.

இத்தகைய சாலையிற் செல்லும் குடும்பத் தலைவரை நோக்கி, "விபத்து நேரின் உம் குடும்பத்தின் கதி யாது?" என்று வினவின், "இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இந்நம்பிக்கை பாதி உண்மையே என்பதும், மற்றப் பாதியை அறியாமையால் குடும்பங்கள் பல நலிவுறுகின்றன என்பதும் நம் துணிபு.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாந் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. இச்சட்டத்தின் நோக்கம் மிக உயர்ந்தது. நம் வண்டியால் இடர்ப்படும் அயலான், நாம் வறியர் என்பதனால் ஈடு பெறாது போகலாகாது. ஆனால் அக்காப்பீடு அயலாரைக் காப்பதற்கென்றே வகுக்கப்பெற்றது. வண்டியில் அமர்ந்த நம்மவரைக் காப்பதற்கன்று. இவ்வேற்றுமையை அறியாதார் பலர்.

முதலாவதாக, பின்னிருக்கையில் அமர்ந்த மனைவியை எடுத்துக்கொள்வோம். பிற வண்டியொன்றின் பிழையால் அவளுக்குத் தீங்கு நேரின், அவ்வண்டியின் காப்பீட்டினின்றும் ஈடு கோரலாம். கணவனது வண்டியே மணலிற் சறுக்கி வீழ்ந்ததாயின், மூன்றாந் தரப்புப் பத்திரம் மட்டும் கொண்ட வண்டியின் பின்னிருக்கையிற் செல்வார்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. சொந்தக் காரிற் செல்வார்க்கும் நிலை இதுவே. முழுமைக் காப்பீடு பெற்ற காராயின் உள்ளிருப்போர்க்கும் ஈடு உண்டு என்று 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பு விளக்கிற்று.

இரண்டாவதாக, ஓட்டுவோனது நிலை. உரிமையாளரே ஓட்டுநராய் இருந்து மாண்டால் 15 லட்சம் ரூபாய் வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பு 2018-இல் ஏற்படுத்தப்பெற்றது. எனினும் பதிவுப் புத்தகத்திற் பெயருடையவர், ஓட்டுநர் உரிமத்துடன் தாமே ஓட்டியிருத்தல் வேண்டும். தந்தை பெயரிலுள்ள வண்டியை மகன் ஓட்டி வீழ்ந்தால் இக்காப்பு மகனுக்கு உதவாது. ஒரு வண்டியை மூவர் ஓட்டும் வீடுகள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது, கால அளவைப் பற்றிய மயக்கம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகட்கு ஐந்தாண்டும், கார்களுக்கு மூன்றாண்டும் மூன்றாந் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. இது பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும், ஐந்தாண்டும் எல்லாக் காப்பும் உண்டு என்றெண்ணி இருப்போர் பலர். வண்டிக்கு நேரும் சேதத்திற்கான காப்பும், உரிமையாளர்க்கான விபத்துக் காப்பும் பல பத்திரங்களில் ஓராண்டிலேயே முடிந்துவிடுகின்றன.

நான்காவது, சரக்கு வண்டிப் பிரயாணம். தைப்பூசத்திற்குக் கதித்தமலைக்கும், காதணி விழாவிற்குக் குலதெய்வக் கோயிலுக்கும், உற்றார் அனைவரையும் லோடு வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளது. சரக்கு வண்டியில் வெறுமனே ஏறிச் செல்வாரைக் கட்டாயக் காப்பீட்டினின்றும் சட்டமே விலக்கியுள்ளது. ஒரு வண்டி கவிழின் ஒரு வமிசமே துயருறும். ஈட்டுத் தொகையோ உரிமையாளர் தலையில் விழும். அவரும் பெரும்பாலும் கடனில் வண்டி வாங்கிய ஏழையே.

கூலி பெற்று வாழ்வார்க்குக் கூடுதற் பிரீமியம் சுமையன்றோ என்பாருமுளர். சுமையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் சிறு செலவில் அடைபடும் இடைவெளிகளும் உள. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயதிற்குட்பட்ட எவரும் வங்கிக் கணக்கின் வாயிலாகச் சேரலாம். 2022 முதல் அதன் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் மரணம் நேரின் 2 லட்சம் ரூபாய் கிட்டும். பின்னிருக்கையிற் செல்லும் மனைவிக்கும், தந்தையின் வண்டியை ஓட்டும் மகனுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் விபத்துற்றாரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பிற்குள் ஏற்க முன்வந்தது. ஆயின், அதன் பின்னர் இழந்த சம்பளத்தை எவர் தருவார்?

குறை மக்களிடம் மட்டும் உளதென்று கூறோம். வண்டி விற்போர், சிற்றெழுத்து ஆங்கிலப் பத்திரமொன்றை உறையிலிட்டுக் கையில் கொடுத்துவிடுகின்றனர். எவர்க்குக் காப்பு உண்டு, எவர்க்கு இல்லை என்பதனைப் பத்திரத்தின் முதற் பக்கத்திலேயே, பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடுதல் வேண்டும். பிரீமியம் வாங்குங்கால் தமிழிற் பேசும் நிறுவனங்கள், விதிகளையும் தமிழிற் கூறுதல் நியாயமேயாகும்.

இனி, எத்தகைய பத்திரமும் மாண்டாரை மீட்டுத் தாராது. ஆகலின் ஓட்டும் முறையே முதற் காப்பு. தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கும் என்று ஆய்வுகளின் தொகுப்பு கூறுகின்றது. ஓட்டும் கணவன் அணிந்து, பின்னமர்ந்த மனைவி வெறுந்தலையோடு செல்வது என்ன நீதி? சட்டப்படி ஓட்டுநர்க்குப் பின் ஒருவரே அமரலாம்; நான்கு வயதிற்குட்பட்ட குழந்தையை ஏற்றின், பிணைப்பு வாரும் குழந்தைக்கேற்ற கவசமும் வேண்டும், வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டரைக் கடத்தலாகாது என்று 2022-ஆம் ஆண்டு விதி பணிக்கின்றது. வேகம் இருமடங்காயின் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும் என்பது பௌதிகம் பயின்ற மாணவர் அறிந்ததே. இரவு வேலை முடித்துக் கண் சொருகத் திரும்புவோர், ஒரு தேநீர் அருந்தியேனும், சிறிது உறங்கியேனும் புறப்படுதல் நலம். உரிமம் பெறும் வயது வராத சிறுவனிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர்க்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

மாணவ நண்பர்களே! பட்டம் பெறுவதற்கு முன்னரே உங்கள் கல்வி வீட்டிற்குப் பயன்படத்தக்க வேலை இது. இவ்விடுமுறையில் தந்தையாரின் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பின்னிருப்பார்க்குக் காப்பு உண்டா? உரிமையாளரின் விபத்துக் காப்பு எந்நாளில் முடிகின்றது? வீட்டில் வண்டி ஓட்டுவோர் யாவர்க்கும் உரிமம் உளதா? அம்மாவிற்குத் தலைக்கவசம் உளதா? இந்நான்கு வினாக்கட்கும் விடை கண்டு, குறையுள்ளதை விடுமுறை முடிவதற்குள் நிறைவு செய்யுங்கள்.