பணியே செபம் என்னும் சாக்கு

‘பணியே செபம்’ என்றொரு வாசகம் நம் பங்குகளில் நெடுநாளாக உலவி வருகின்றது. பங்குப் பேரவைக் கூட்டங்களில் அதைக் கேட்கிறோம். திருவிழாவுக்கு முந்திய வாரத்தில் பந்தலுக்கும் அச்சகத்துக்குமாக ஓடித் திரிபவர் தம் களைப்பைத் தேற்றிக்கொள்ள அதைச் சொல்கின்றார். ஞாயிறு மறையுரைகளிலும் அவ்வப்போது அது தலைகாட்டுவதுண்டு. கேட்பதற்கு இனியது, எளியவரின் உழைப்புக்கு மாண்பு தருவதுபோலத் தோன்றுவது. எனினும் இந்த வாசகத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் துணிபு. அது நற்செய்திக்குப் பொருந்தாதது. அதனினும் மோசம், அது அநீதிக்குத் துணைபோவது.

யார் யாரிடம் இதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எந்தப் பங்கிலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். கோவிலைக் கூட்டுபவரும் அவர்களே. பீடத் துணிகளை வெளுப்பவரும் அவர்களே. அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் அழைப்பவர், அசனத்துக்கு அரிசி களைபவர், அடக்கத்துக்கு முன்னே நின்று ஏற்பாடு செய்பவர் என்று எங்கே பார்த்தாலும் அதே முகங்கள்தாம். திருப்பலி நடக்கும்போதுகூட அவர்களுக்கு அமர்ந்திருக்க நேரமில்லை. ஒலிபெருக்கி கரகரக்கும், எழுந்து போவார்கள். காணிக்கைப் பவனிக்கு ஆள் குறையும், எழுந்து போவார்கள். இவர்களுள் ஒருவர் என்றோ ஒருநாள், “எனக்குச் செபிக்கவே முடியவில்லை, உள்ளே வறண்டு கிடக்கிறது” என்று மனம் திறந்து சொல்லிவிட்டால், நாம் தயாராக வைத்திருக்கும் மறுமொழி என்ன? “கவலைப்படாதீர்கள், உங்கள் பணியே செபந்தானே!” சொல்லிவிட்டு நம் வழியே போய்விடுகிறோம். அவர் சுமக்கும் பாரத்தில் ஒரு மூட்டையை நாம் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு வாசகத்தைக் கொடுத்துவிட்டோம்.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு கூட்டம் உண்டு. “செபிப்பதே எங்கள் பணி” என்பார்கள். தியானத்துக்குத் தியானம் பயணம் செய்வார்கள். தெருமுனையில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரைப் பற்றிக் கேட்டால், அவருக்காக மன்றாடுகிறோம் என்பார்கள். இவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. காயப்பட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற குருவும் லேவியரும் இவர்களுக்கு மறுமொழி சொல்லிவிட்டார்கள். ஆனால் இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டே ஒருவரையொருவர் வாழவைக்கின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் எப்போதும் உழைத்துக்கொண்டிருப்பதால் மற்றவர் எப்போதும் அமர்ந்திருக்க முடிகிறது.

இரு தரப்பாரும் சான்றுக்கு அழைப்பது பெத்தானியா வீட்டைத்தான். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், நல்ல சமாரியர் உவமை முடிந்த உடனே அந்நிகழ்ச்சி வருகிறது. இந்த அடுத்தடுத்த வைப்பை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இறங்கிப் போய்க் காயங்களைக் கட்டு என்று சொன்ன மூச்சோடு, காலடியில் அமர்ந்து கேள் என்கிறார் நற்செய்தியாளர். ஒன்றை மட்டும் படித்தவர் பாதியைத்தான் படித்தார்.

மார்த்தா பணி செய்ததற்காக ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாவின் பணிவிடைக்கு லூக்கா இடும் சொல் ‘தியாகோனியா’. திருத்தூதர்கள் தங்கள் இறைவார்த்தைப் பணிக்குச் சூட்டிய பெயரும் அதே சொல்தான். ஆகவே அது மதிப்புக் குறைந்த வேலையன்று. ஆண்டவர் சுட்டிக்காட்டியது வேறொன்றை. மார்த்தா இருந்த நிலையைக் குறிக்க லூக்கா கையாளும் கிரேக்க வினைக்கு, நாலா பக்கமும் இழுக்கப்படுதல் என்பது பொருள். கை வேலையில் இருக்கிறது. கண் தங்கையின்மேல் இருக்கிறது. மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விருந்தினர் வீட்டுக்குள் இருக்கிறார். விருந்து தயாரிப்பவருக்கு மட்டும் அவர் தொலைவில் இருக்கிறார். இந்த நிலையைத்தான் நாம் ‘பணியே செபம்’ என்று திருநிலைப்படுத்தப் பார்க்கிறோம்.

எனினும் மார்த்தாவின் முறையீட்டில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ‘என்னைத் தனியே விட்டுவிட்டாள்’ என்பதுதானே அவருடைய வருத்தம்? ஒருவர் அமைதியாக அமர்ந்திருப்பதற்கான விலையை இன்னொருவர் அடுப்படியில் செலுத்திக்கொண்டிருந்தால், அந்த அமைதியைப் பற்றிக் கேள்வி எழத்தான் செய்யும். மார்த்தாவைப் பற்றிய மறையுரையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வீடு திரும்பிய உடனே “சாப்பாடு ஆயிற்றா?” என்று கேட்கும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழுபவரும் இரவு கடைசியாகப் படுப்பவரும் பெண்தான். குடும்பச் செபமாலையின்போது பாதியில் எழுந்துபோய்ப் பாலை இறக்கிவைத்துவிட்டு வருபவரும் அவரே. அவரிடம் போய், “மரியாவைப் போல அமர்ந்திருக்கப் பழகு” என்பது கொடுமை. “உன் சமையலே உனக்குச் செபம்” என்பது அதைவிடப் பெரிய கொடுமை. பாலை இறக்கிவைக்க இன்னொருவர் எழுந்து போனால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதே சிக்கல் எருசலேமின் தொடக்கத் திருச்சபையிலும் எழுந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர், முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர் பன்னிருவரும் தாங்களே பந்தி பரிமாறப் போய்விடவில்லை. செபத்திலும் இறைவார்த்தைப் பணியிலும் நிலைத்திருப்போம் என்றார்கள். ஆனால் அதோடு நின்றிருந்தால் அவர்களும் நாம் மேலே சொன்ன இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்திருப்பார்கள். கைம்பெண்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. உடனே எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். வேலையைப் பகிர ஆள் சேர்த்தார்கள். அந்த எழுவருக்குக் கேட்ட தகுதியையும் பாருங்கள். தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவராய் இருக்க வேண்டுமாம். சோறு பரிமாறுவதற்கு! நம் பேரவைத் தேர்தல்களில் இத்தகுதியை யாரும் கேட்டு நான் அறியேன். வசதியும் செல்வாக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

என் வாதத்துக்கு எதிராகப் புனித வின்சென்ட் தே பவுலை நிறுத்துவார்கள் என்பது தெரியும். செப நேரத்தில் ஏழை ஒருவருக்கு மருந்து கொண்டுபோக வேண்டியிருந்தால் தயங்காமல் போங்கள். அது கடவுளுக்காகக் கடவுளை விடுவது என்று அவர் தம் பிறரன்புப் புதல்வியருக்குப் போதித்தது உண்மை. அருமையான போதனை. ஆனால் அதை யாரிடம் சொன்னார்? 1633-இல் புனித லூயிஸ் தே மரியாக்குடன் சேர்ந்து அவர் பாரிசில் தொடங்கிய அச்சபையின் சகோதரியர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தியானத்தில் அமர்பவர்கள். அவரும் நான்கு மணிக்கு எழுபவரே. விடுவதற்கு ஒரு செப நேரம் அவர்களிடம் இருந்தது. அதனால் விட முடிந்தது. தொடங்கவே தொடங்காத செபத்தை எந்த ஏழைக்காக விட்டுவிட்டு எழுந்து போகப்போகிறோம்?

வின்சென்டின் பெயரால் 1833-இல் பாரிசில் தோன்றிய சபை இன்று நம் பங்குகள் பலவற்றில் ஏழைகளின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதை நிறுவியோருள் முதன்மையானவராகிய பிரெடெரிக் ஓசானாம் குருவல்லர். அப்போது இருபது வயது மாணவர். பின்னர்ப் பேராசிரியர், கணவர், தந்தை. 1997-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். குடும்பமும் பாடமும் எழுத்தும் ஏழைகளும் என்று நாற்பது வயதுக்குள் முடிந்துபோன அந்த நெருக்கடியான வாழ்வில், அன்றாடம் காலையில் விவிலியத்தோடு அமரும் பழக்கத்தை அவர் வைத்திருந்தார். அவருடைய சபையின் வாராந்தரக் கூட்டம் செபத்தோடும் ஞான வாசகத்தோடும் தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கு இன்றும் உள்ளது. அந்தச் செபத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறக்கும் கிளைகள் உண்டென்பதை அறிந்தவர் அறிவர்.

புனித பெனடிக்டையும் துணைக்கு அழைப்பார்கள். ‘செபமும் உழைப்பும்’ என்பது அவருடைய துறவியரின் விருதுவாக்காக வழங்குகிறது. அவர் எழுதிய ஒழுங்கு நூலில் அத்தொடர் அப்படியே இல்லை, போகட்டும். அத்தொடரில் இருக்கும் ‘உம்’மையாவது நாம் மதிக்கலாமே? செபம் ஒன்று, உழைப்பு ஒன்று. இரண்டுக்கும் நேரம் வகுத்தார் அவர். மணியோசை கேட்டதும் கையில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டுச் செபத்துக்கு விரைய வேண்டும் என்பது அவர் கட்டளை. இன்னொன்று: துறவியர் கூடிச் செபிப்பதைத்தான் அவர் ‘கடவுளின் பணி’ என்று அழைத்தார். செபத்துக்குப் பணி என்று பெயரிட்டார். நாமோ பணிக்குச் செபம் என்று பெயரிட்டுக்கொண்டு மணியோசையை மறந்துவிட்டோம்.

அன்னை தெரேசாவின் சகோதரியரைவிட அதிகம் உழைப்பவர் யார்? கல்கத்தாவின் தெருக்களில் அவர்களுக்கு என்றும் வேலை குறைந்ததில்லை. அப்படியிருந்தும் 1973 முதல் அவர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் நற்கருணையின் முன் அமைதியில் அமர முடிவு செய்தார்கள். உழைப்பே போதுமென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் சில நோயாளரைக் கழுவித் துடைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பவருக்கு யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். மீண்டும் பெத்தானியா, மீண்டும் விருந்து. மார்த்தா பணிவிடை செய்கிறார். இம்முறை முறையீடு ஏதுமில்லை. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தால் ஆண்டவரின் காலடிகளைப் பூசுகிறார். இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவன் கேட்கிறான். ஏழைகளின் பெயரைச் சொல்லிப் பக்தியைக் குறைத்துப் பேசிய அவன் யார் என்பது தெரிந்ததே. அப்படிப் பேசுவோர் எல்லாரும் யூதாசுகள் அல்லர். பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் அந்த வாதம் எந்த வாயில் முதலில் ஒலித்தது என்பதை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அதே நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில், இலாசர் இறந்தபோது எழுந்து சென்று ஆண்டவரை எதிர்கொண்டவர் மார்த்தா. நீரே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிட்டவரும் அவரே. அடுப்படிக்கு என்று நாம் ஒதுக்கிவிட்ட பெண் பேதுருவுக்கு நிகரான விசுவாச அறிக்கையைச் செய்கிறார். காலடியில் அமர்ந்திருந்தவர் என்று நாம் போற்றும் மரியாவோ அப்போது வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆகவே இவர் செயலுக்கு, அவர் தியானத்துக்கு என்று ஆளுக்கொரு சீட்டு ஒட்டிவிடுவதை நற்செய்தியே மறுக்கிறது. திருச்சபையின் நாள்காட்டியும் இப்போது அதைத்தான் சொல்கிறது. சூலை 29 நீண்ட காலமாக மார்த்தாவுக்கு மட்டும் உரிய நாளாக இருந்தது. 2021 சனவரி நாளிட்ட ஆணையால் மார்த்தா, மரியா, இலாசர் மூவரின் நினைவும் ஒரே நாளில் பொது நாள்காட்டியில் இடம்பெற்றது. இவ்வளவு காலம் கழித்து அக்காளும் தங்கையும் ஒரே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

‘இதெல்லாம் துறவியருக்குச் சரி, பிள்ளை குட்டிக்காரர்களான எங்களுக்கு எப்படி?’ என்று கேட்கப்படலாம். பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு நமக்காகவே எழுதப்பட்டது. கிறிஸ்துவோடு கொண்ட உயிருள்ள ஒன்றிப்பைப் பொறுத்தே பொதுநிலையினர் பணி பலன் தரும் என்று அது கூறுகிறது. குடும்பக் கவலைகள் அவ்வொன்றிப்புக்குப் புறம்பானவை அல்ல என்றும் சேர்த்தே கூறுகிறது. நம் பணி செபத்தில் தோய முடியும் என்பதை நான் மறுக்கவில்லை; அதுவே நாம் சென்று சேர வேண்டிய இடமும்கூட. தோய்வதற்கு நீர் நிறைந்த தொட்டி ஒன்று வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

அதற்கு வேண்டியது பெரிய திட்டமன்று. நம் கோவில்கள் பலவும் காலைத் திருப்பலி முடிந்த சிறிது நேரத்தில் பூட்டப்படுகின்றன. பங்கு மன்றம் கூட்டங்களுக்கும் திருமண வரவேற்புகளுக்கும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. நற்கருணை இருக்கும் இடந்தான் பூட்டப்பட்டிருக்கிறது. திருட்டுப் பயம் என்பார்கள், உண்மையான பயந்தான். அப்படியானால் மாலை ஐந்து முதல் ஆறரை வரை கோவிலைத் திறந்துவைத்து, அன்பியத்துக்கு இருவராக முறைவைத்து உள்ளே அமர்ந்திருக்கட்டும். பதினைந்து அன்பியங்கள் உள்ள பங்கில் ஓர் அன்பியத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். முதல் வாரங்களில் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் பெயரை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவர்கள் சாவியையும் துடைப்பத்தையும் நம்மிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் சற்று உட்கார்ந்திருக்கட்டும்.