ஒரே காவல் போதுமா?

அந்தரங்கம் பிரஜைகளின் ஜீவாதார உரிமையென்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பதுபேர் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018-ல் ஸ்ரீகிருஷ்ணா கமிட்டியின் நகல் மசோதா ஜாதி, மதம், நோய், கைரேகை முதலிய விவரங்களைத் தனி வகுப்பாக்கி, அவற்றுக்கு அதிகக் காவல் விதித்தது. 2023-ம் வருஷத்துச் சட்டமோ அவ்வகுப்பையே கைவிட்டுவிட்டது. டெலிபோன் நம்பரும் க்ஷயரோகியின் வைத்தியக் குறிப்பும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே! காவலில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டென்பது மெய்தான். ஆனால் எந்த விவரம் எங்கே இருக்கிறது, எவர் பார்க்கலாம், எப்போது அழிக்கவேண்டுமெனத் தரம் பிரிக்காத ஸ்தாபனம் எதைக் காக்கப்போகிறது? வெளியான நம்பரை மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியுமா? பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தவேண்டும். அதுவரை ஸ்தாபனங்கள் தாமே தரம் பிரித்துக் காப்பது கடமையென வற்புறுத்துகிறோம்.