கொடுத்தால் போதுமா? பேண வேண்டாவா?

நம் முன்னோர் ஓலையில் எழுதினர். எழுதியதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. எழுத்துத் தெளிய மை தடவினர். பூச்சி அணுகாதிருக்க எண்ணெய் பூசினர். ஏடு நைந்து போகுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தனர். அவ்வாறு பேணுவார் இருந்த இல்லங்களிலும் மடங்களிலும் நூல்கள் நிலைத்தன. பேணுவார் அற்ற இடங்களில் கறையானுக்கு இரையாயின. இலக்கிய வரலாறு பயிற்றும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. இன்று மாணவர் கையில் ஏட்டின் இடத்தை மடிக்கணினி பெற்று வருகிறது. அதைப் பேணுவார் யார் என்னும் வினாவை இம்மலரின் வாயிலாக எழுப்ப விரும்புகிறோம்.

இவ்வினாவைப் பேரளவில் எதிர்கொண்டவை அமெரிக்கப் பள்ளிகள். அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது நம் கல்வி மாவட்டத்தைப் போன்ற அலுவலகப் பிரிவு அன்று. பெரும்பாலும் ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த குழுவின் கீழ், உள்ளூர் வரிப்பணமும் மாநில நிதியும் கொண்டு தன் பள்ளிகளைத் தானே நடத்தும் தனி அமைப்பு அது. மேய்ன் மாநிலத்தில், ஆளுநராக இருந்த அங்கஸ் கிங்கின் முயற்சியால், 2002ஆம் ஆண்டு பொதுப்பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர்க்கெல்லாம் மடிக்கணினி வழங்கப்பட்டது. மறு ஆண்டு எட்டாம் வகுப்பும் சேர்ந்தது. பிற மாவட்டங்களும் அவ்வழியில் சென்றன. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இக்கருவி இன்றிக் கல்வியே இல்லை என்னும் நிலை அங்கே உருவாயிற்று.

கருவி பெருகியபோது பழுதும் பெருகியது. திரை உடைதல், விசை பெயர்தல், மின்னேற்றும் துளை தளர்தல், கீல் முறிதல் ஆகியவை பள்ளிதோறும் காணும் நோய்கள். இவற்றைச் சமாளிக்க அம்மாவட்டங்கள் கண்ட முறைகள் எளியவை, ஆயினும் கருதத்தக்கவை. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் இட்டுப் பதிவேட்டில் ஏற்றுவர். பழுதான கணினியை மாணவர் ஒப்படைக்கும்போதே மாற்றுக் கணினி ஒன்றைக் கையில் கொடுப்பர், பாடம் தடைப்படாது. ஒரே வகைக் கணினிகளை வாங்குவதால், செயலற்றுப்போன ஒன்றின் திரையும் விசைப்பலகையும் வேறு இரண்டுக்கு உயிரளிக்கும்.

இவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது பென்சில்வேனியா மாநிலத்துப் பென் மேனர் பள்ளி மாவட்டத்தின் செயல். 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 1,700 பேருக்கு, கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸ் நிறுவிய மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றை ஆயத்தம் செய்ததிலும், பழுது பார்த்ததிலும், சக மாணவரின் ஐயங்களைத் தீர்த்ததிலும் மாணவர் உதவிக் குழுவே பெரும்பங்கு ஆற்றியது. அம்மாவட்டத்தின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த சார்லி ரைசிங்கர் இவ்வனுபவத்தை 2016இல் நூலாகவே எழுதினார். மாணவரை ஐயத்தோடு நோக்காமல் நம்பிக்கையோடு நோக்கியதே அவர்தம் வெற்றியின் வேர் என்பது நம் கருத்து.

பேணும் மனம் இருந்தாலும் பேண விடாத தடைகள் உண்டு. பள்ளிகளில் மிகுதியாக வழங்கும் குரோம்புக் கணினிகளுக்கு ஒரு காலவரையறை இருந்தது. அந்நாள் கடந்தால், கருவி நன்றாக இயங்கினும் மென்பொருள் புதுப்பித்தல் நின்றுவிடும். கண்டனங்கள் எழுந்தபின், 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்தாண்டுகள் புதுப்பித்தல் தருவதாக 2023 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. கலிபோர்னியா மாநிலமும் உதிரிப் பாகங்களையும் பழுது நீக்கும் குறிப்புகளையும் உற்பத்தியாளர் தந்தாக வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம், நூறு டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள கருவிகளுக்கு ஏழாண்டுக் காலம் விதிக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ ஏழை இல்லங்களில் முதற்கணினியை ஏற்றி வைத்தது. அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவி ஒருவர் ஒப்படைவுகளை எப்போதும் கையாலேயே எழுதி வந்தார். காரணம் வினவினோம். பள்ளியில் பெற்ற மடிக்கணினி மின்னேறாமல் ஈராண்டாகப் பெட்டியில் கிடந்ததாம். தம் கைப்பிழை என்று அஞ்சி வீட்டாரிடமும் சொல்லவில்லை. இயற்பியல் துறை நண்பர் பிரித்துப் பார்த்தார். மின்னேற்றும் துளையின் பற்றுவைப்பு விட்டிருந்தது, அவ்வளவே! சிறிய பழுது, இழந்ததோ ஈராண்டுப் பயன். அம்மாணவியின் கண்ணில் அன்று கண்ட ஒளியே இக்கட்டுரையின் தூண்டுகோல்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அரசு அறிவித்தது. எத்தனை வழங்கினோம் என்று எண்ணுவதோடு, மூன்றாம் ஆண்டில் எத்தனை இயங்குகின்றன என்றும் எண்ண வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வாங்கும் ஒப்பந்தத்திலேயே உதிரிப் பாகங்களுக்கு வழி செய்தல் வேண்டும்.

"மாணவரிடம் கொடுத்தால் மேலும் கெடுத்துவிடுவரே" என்பார் உளர். வீங்கிய மின்கலத்தைத் தொடுதல் ஆபத்து. அது வல்லுநர் வேலை. பிறர் கோப்புகளைத் திறவாத ஒழுக்கமும் வேண்டும். இவ்விரண்டையும் முதலில் கற்பித்தபின் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். நூலகத்தை ஒட்டி ஓர் அறை; ஒரு பதிவேடு; பத்து மாற்றுக் கணினிகள்; இயற்பியல், கணினித் துறை ஆசிரியர் வழிகாட்ட, எல்லாத் துறை மாணவரும் அடங்கிய ஒரு குழு. தமிழ்த்துறை மாணவரும் திருப்புளி பிடிக்கட்டும். கலைச்சொல்லாக்கம் அங்கே தானே பிறக்கும். சமுதாயப் பெரியோர்களே! கட்டடத்துக்கு வாரி வழங்கிய தங்கள் கரங்கள், பயன்படாது கிடக்கும் பழைய கணினிகளையும் உதிரிப் பாகங்களுக்கான சிறு தொகையையும் இவ்வறைக்கு நல்குக. மாணவச் செல்வங்களே! பழுதை மறைக்காதீர், கொண்டு வாருங்கள். பழுதாவது குற்றமன்று, பழுதென்று தெரிந்தும் வாளாவிருப்பதே குற்றம்.

கொடை ஒரு நாள் விழா. பேணல் நாள்தோறும் ஆற்றும் பணி. அப்பணியில் தமிழ்த்துறையின் பங்காக, பதிவேட்டின் முதற்பக்கத்தை எழுத நாம் ஆயத்தமாக உள்ளோம்.