கௌபாய் படம்னா வெறும் டிஷ்யூம் டிஷ்யூமா?



கௌபாய் படம் என்றாலே "குதிரை ஓடும், துப்பாக்கி வெடிக்கும், கதையே இருக்காதுப்பா" என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். அவர்கள் 1952-ல் வந்த 'ஹை நூன்' படத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது.

வில் கேன் ஒரு சிற்றூரின் காவல் அதிகாரி. நடித்தவர் கேரி கூப்பர். அன்று காலைதான் அவருக்குக் கல்யாணம். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பும்போது சேதி வருகிறது. அவர் பிடித்துக் கொடுத்த ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி, பகல் 12 மணி ரயிலில் பழி தீர்க்க வருகிறான்! ஸ்டேஷனில் அவன் ஆட்கள் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். பாதி வழி போன கேன் திரும்பி வந்துவிடுகிறார்.

சண்டை கடைசியில்தான். அதுவரை நம்மை உட்கார வைப்பது கடிகாரம்! கதையில் ஓடும் நேரமும் நாம் பார்க்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முள் நகர நகர, பரீட்சையின் கடைசிப் பத்து நிமிஷம் மாதிரி வயிற்றைக் கலக்கும்.

கேன் மதுக்கடைக்குப் போகிறார், சர்ச்சுக்குப் போகிறார். யாரும் வரவில்லை. ஒரு நண்பன் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, மனைவியை விட்டு "அவர் இல்லை" என்று சொல்ல வைக்கிறான். துணிந்து வருகிறேன் என்பவன் நம்ம வயசுப் பையன், 14 வயசு! அவனைக் கேனே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஹோவர்ட் ஹாக்ஸ் என்ற பெரிய இயக்குநருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. நல்ல அதிகாரி இப்படி உதவி கேட்டு அலைவானா என்று கேட்டார். பதிலுக்கு ஜான் வேயினை வைத்து 1959-ல் 'ரியோ பிராவோ' எடுத்தார். அதுவும் நல்ல படம்தான். ஆனால் என் ஓட்டு கேனுக்கே. அவர் முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிகிறது. பயத்தோடேயே நிற்கிறாரே, அதுதானே வீரம்! உதவி கேட்பதில் என்ன கேவலம்?

திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மேனுக்கும் இதே நிலைதான். 1951-ல் படம் உருவாகும்போதே, கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தது. யார் பெயரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். ஹாலிவுட்டில் அவருக்குக் கதவு மூடியது, இங்கிலாந்துக்குப் போனார்.

முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்கிறவங்களுக்கு ருசி போயிடும். படம் பார்க்கும்போது நாம எல்லோரும் கேன் பக்கம்தான். ஆனால் வகுப்பில் ஒருத்தனை நாலு பேர் சேர்ந்து மிரட்டும்போது, நாம அந்த ஊர்க்காரங்க மாதிரி கதவைச் சாத்திக்கிறோமா, இல்லை கூடப் போய் நிற்கிறோமா? யோசித்துச் சொல்லுங்கள் நண்பர்களே!