முட்டை உடையாத காரே நல்ல கார்



ரேஸ் கார் என்று சொன்னால் போதும், எல்லாரும் என்ஜினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை சி.சி., எவ்வளவு ஸ்பீடு என்று. ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்பவர் 1957-ல் லோட்டஸ் செவன் என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்தார். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அதைப் பார்த்து அதே மாதிரி நகல் கார்கள் பல நாடுகளில் வந்தன. நம் நாட்டிலும் சின்காரா மோட்டார்ஸ் என்ற கம்பெனி, இசுசு என்ஜின் வைத்து ரோட்ஸ்டர் என்று ஒன்றைச் செய்தது.

இப்படி கார் கட்டுகிறவர்களில் சிலர், கெட்டியா இருந்தால்தான் ரேஸ் கார் என்று நினைத்து அமுங்கவே அமுங்காத ஸ்பிரிங்கை மாட்டிவிடுகிறார்கள். இது தப்பு என்பது என் கருத்து. செவன் மாதிரி கார் அரை டன் எடைதான். அம்பாசிடரோ ஒரு டன்னுக்கு மேல். பெரிய காரின் ஸ்பிரிங்கை இதற்குப் போட்டால் பள்ளத்தில் சக்கரம் எகிறும். டயர் தரையைத் தொடாத நேரத்தில் பிரேக் போட்டும் பிரயோஜனம் இல்லை, ஸ்டீயரிங் திருப்பியும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் என்ன ரேஸ் கார்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் தடம் இருக்கிறது. அங்கே மாட்டு வண்டியும் கிடையாது, வேகத்தடையும் கிடையாது. அங்கே கெட்டி ஸ்பிரிங் போடட்டும். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு ஓட்டணும் என்றால் கொஞ்சம் மெத்தென்றுதான் வேணும்.

மெத்தென்று இருந்தால் வளைவில் சாயுமே என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அமுங்கும், அமுங்கியது திரும்ப எகிறும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகப் போக வேண்டும், அதனால் வேகம் குறைகிறது. அதே சாப்மனின் கம்பெனி 1962-ல் எலான் என்ற காரில் மெத்தென்ற ஸ்பிரிங்கோடு சரியான ஷாக் அப்சார்பரை வைத்தது. கார் தாழ்வாகவும் எடை குறைவாகவும் இருந்தது. வளைவில் பிடிப்புக்கு அந்தக் கார் பேர் போனது. அப்போ சொகுசும் பிடிப்பும் சேர்ந்து கிடைக்கும்தானே?

எனக்கு ரொம்பப் பிடித்தது ரேஸ் காரே இல்லை. பிரான்சில் சிட்ரோயன் கம்பெனி விவசாயிகளுக்காக 2சிவி என்ற காரை 1948-ல் காட்டியது. உழுத நிலத்தில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பதுதான் அதற்குப் போட்ட நிபந்தனை! நம்ம ஊருக்கு இதைவிட நல்ல நிபந்தனை உண்டா?

நம்ம பக்கம் ஆடிக் கிருத்திகைக்கு குட்டி யானையில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு திருத்தணி போகிறார்கள். அது சரக்கு வண்டி. அதன் பட்டை ஸ்பிரிங் மூட்டைக்காகப் போட்டது. லோடு குறைவாக இருந்தால் தூக்கித் தூக்கிப் போடும். இன்னும் லோடு ஏற்றணும் என்று கூட ரெண்டு பட்டை சேர்த்தால் கேட்கவே வேண்டாம். வயசான பாட்டியும் மாசமாக இருக்கிற அக்காவும் அதில்தான் உட்கார்ந்து போகிறார்கள். நின்றுகொண்டு போனால் பாரம் மேலே ஏறி, திருப்பத்தில் வண்டியே கவிழலாம். காவடி எடுக்கிறவர்கள் பஸ்ஸில் போகலாமே.

பைக்கின் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்தாலும் நம்ம வீடுகளில் கண்டுகொள்வதில்லை. என்ஜின் ஆயில் மாற்றுவார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள்.

எங்க மாமா மெக்கானிக். அவர் சொன்ன சோதனை இது. காரின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் நல்லது. ஊஞ்சல் மாதிரி மூன்று நான்கு தடவை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. பைக் என்றால் சீட்டை அமுக்கிப் பாருங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி